அசையாதீங்க

வாரத்தில் ஆறு நாள்
நான் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்:
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
சித்தூர்க்காரருக்குத் தெலுங்கில்,
ரெண்டு ராத்திரி ரயிலில் வந்த வங்காளிக்கு
மனப்பாடம் செய்த நாலு சொல்லில்.
கதவுக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவேன்.
விடுங்க என்றதும்
அறைக்கே மூச்சு வரும்.

ஏழாம் நாள் சதுப்பேரி.
பவளக்காலிகளிடம் இதைச் சொல்ல
எந்த மொழியும் என்னிடம் இல்லை.

மாசியில் ஏரி பாதியாகியிருந்தது.
சேற்றில் வயிறு பதித்துக் கிடந்தேன்.
இந்தப் பக்கம் குப்பைமேடு புகைய
அந்தப் பக்கம் பெங்களூர் ரோட்டில் லாரிகள்.
நடுவே கணுக்கால் தண்ணீரில்
இளஞ்சிவப்புக் குச்சிகள்மேல் நின்று
புழு பொறுக்கிக்கொண்டிருந்தன நூற்றுப் பதினாறு.
எண்ணினேன்.
விலா எலும்புகளை எண்ணி வந்த பழக்கம்.

ஒரு நாய் வந்தது.
மொத்த ஏரியும் எழுந்து
என் தலைக்குமேல் கிக் கிக் என்று திட்டியபடி திரும்ப,
நொடியை ஆயிரத்து அறுநூறாக நறுக்கி
ஒவ்வொரு துண்டிலும் ஒரு பறவையைப் பிடிக்கப் பார்த்தேன்.
பல துண்டுகளில் வானம் மட்டும்.

காகிதப்பட்டறை டீக்கடையில்
மடிக்கணினியைத் திறந்து வைத்தேன்.
அத்தாவுல்லா மேல்விஷாரம். தோல் ஷெட்டில் தரம் பிரிக்கிறவர்.
என்னைவிட ரெண்டு வயது சின்னவர்,
கண்ணில் மட்டும் இரக்கம் கிடையாது.

'கண்ணு ஊசியா இல்ல. தூக்குங்க.'
'றெக்கை கீழ அடிக்குது, மூஞ்சி எங்க? தூக்குங்க.'
'வெள்ளை வெந்துபோச்சு, ஒரு இறகு தெரியல.'
'ஏரி சாயுதுங்க,
தண்ணி பூரா ஆற்காட்டுக்கு வழிஞ்சிடும் போல.'
'இது நல்லாத்தான் கீது,
ஆனா பின்னாடி நீலக் கவர் ஒண்ணு
பறவை வாயிலேர்ந்து வந்த மாதிரி தொங்குது.'
முந்நூறில் பதினொன்று தேறியது.
ரெண்டு டீ ஆறியது.

இருநூற்று ஏழாவது படம்.
'வேணாம். ஒரு கால் நேரா போவுது,
ஒண்ணு கோணிக்கினு நிக்குது. கோடே கெட்டுப்போச்சு.'

விரல் அழிக்கப் போய் நின்றது.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
மூட்டு அல்ல;
மூட்டுக்குக் கீழே,
மூட்டு இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முடிச்சு.

நான் படம் எடுக்கிறவள்.
அறிக்கை எழுத எனக்கு உரிமை கிடையாது.
ஆனாலும் பதினான்கு வருஷம்
எலும்பைப் பார்த்த கண்.
உடைந்திருக்கிறது.
கட்டில்லாமல் தகடில்லாமல் தானாகக் கூடியிருக்கிறது,
கோணலாக.
ஆறு வாரம் காலை ஊன்றாதே என்று
யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்?
ஒற்றைக் காலில் நின்றதை
வழியில் எந்த ஊரில் யார் பார்த்திருந்தாலும்
தூங்குகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சொன்னேன்.
அத்தாவுல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'முள்ளு கீறின தோல் வரும் எங்களுக்கு.
ஆறின வடுன்னா ஒரு தரம், ஆறாததுன்னா ஒரு தரம்.
ஆறினதுக்கு நாலு ரூபா கூட.'
திரையைத் தன் பக்கம் திருப்பி
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு:
'எல்லாம் சரி. இடது றெக்கை நுனி வெட்டுப்பட்டிருக்கு பாருங்க.
அதுக்கு இன்னா சொல்லப் போறீங்க?'

அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.
வெட்டியது நான்தான்.

அடுத்த ரெண்டு ஞாயிறும் போனேன்.
கால் கால்களாய்ப் பார்த்தேன்.
முதல் ஞாயிறு எழுபது. அடுத்தது ஒன்பது.
எல்லாம் நேர்க்கால்.

திங்கள் எட்டரை, முதல் டோக்கன்.
பைக்கிலிருந்து விழுந்த பையன், கணுக்கால்.
அசையாதீங்க என்றேன்.
அசைந்தான்.
பரவாயில்லை, இங்கே
இன்னொரு முறை எடுக்கலாம்.